முந்திரி ஒரு கப் என்றால் எத்தனை கிராம்? தராசோடு நான்கு வருடம்

நான்கு வருடத்துக்கு முன் ஒரு தீபாவளிக்குச் செய்த முந்திரி கத்லி, திகட்டும் இனிப்போடு கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாகு பதம் தப்பிவிட்டது என்றே நினைத்தேன். தப்பியது அளவு. குறிப்பில் முந்திரி ஒரு கப், சர்க்கரை அரை கப் என்று இருந்தது. நான் முந்திரியைப் பொடித்துவிட்டு அந்தப் பொடியில் ஒரு கப் எடுத்திருந்தேன்.

அதற்கு அடுத்த வாரமே டிஜிட்டல் தராசு வாங்கினேன். 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் வித்தியாசம் காட்டும் சாதாரண ரகம்தான். முதலில் நிறுத்தது முந்திரி. என்னுடைய 240 மில்லி கப்பில் தலை தட்டி எடுத்த முழு முந்திரி 135 கிராம். பொடித்துச் சலித்தால் அதே கப்பில் 105 கிராம்தான் பிடிக்கிறது. அரை கப் சர்க்கரை 100 கிராம். அதாவது முந்திரியும் சர்க்கரையும் ஏறக்குறைய சரிசமமாகப் போட்டிருக்கிறேன்! இப்போது 200 கிராம் முந்திரிக்கு 130 கிராம் சர்க்கரை. ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

வால்நட் வேறு மாதிரி. பாதிப் பருப்புகளாகப் போட்டால் கப்புக்கு 100 கிராம். நறுக்கிப் போட்டால் 115ஐத் தாண்டும். பெரிய துண்டுகளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தை நறுக்கிய துண்டுகள் அடைத்துக்கொள்கின்றன. பாதாம் இதற்கு நேர் எதிர்: முழுசாக 140, மெல்லிய சீவலாக 90 கிராம்தான். சீவல்கள் ஒன்றோடொன்று படியாமல் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் காரணம். பாதாம் பொடி 95 கிராம். கரண்டியால் அழுத்திவிட்டால் அதுவும் எகிறும். அதனால் 'நட்ஸ் ஒரு கப்' என்று மட்டும் எழுதிய குறிப்பைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. முழுசா, நறுக்கியதா, பொடியா என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதுமே.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒரு காற்புள்ளியைக்கூடக் கவனிக்க வேண்டும். 'ஒரு கப் வால்நட், நறுக்கியது' என்றால் அளந்துவிட்டு நறுக்குவது. 'ஒரு கப் நறுக்கிய வால்நட்' என்றால் நறுக்கிவிட்டு அளப்பது. கப்பும் ஊருக்கு ஊர் மாறும்: அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. எங்கள் பாட்டியின் ஆழாக்கோ 168 மில்லி. பாட்டி எல்லாவற்றையும் அதிலேயே அளந்ததால் அவருக்குக் கணக்கு பிசகவில்லை.

பாதாம் அல்வாவுக்கு ஊற வைக்கும் முன்பே நிறுத்துவிடுங்கள். 100 கிராம் பாதாம் இரவு முழுக்க ஊறினால், தோலுரித்த பிறகும் 120க்கு மேல் காட்டுகிறது. கூடுதலாகத் தெரிவது தண்ணீர்.

தராசின் குறைகளையும் சொல்ல வேண்டும். அதில் மில்லி என்றொரு பட்டன் உண்டு. அது தண்ணீர் கணக்கு. 100 கிராம் பாதாம் பொடியை வைத்தாலும் 100 மில்லி என்றுதான் காட்டும். உண்மையில் அந்தப் பொடி ஒரு கப்பையே நிரப்பிவிடும். ஆரம்பத்தில் அதை நம்பி ஒரு கேக்கைக் கெடுத்தேன். ஏலக்காய், குங்குமப்பூ போன்ற சின்ன அளவுகளுக்கு இந்தத் தராசு உதவாது. பேட்டரி இறங்கினால் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது தானாக அணைந்துவிடுவது இன்றும் எரிச்சல்தான். பாத்திரத்தின் எடையைக் கழித்து வைத்ததெல்லாம் அதோடு போய்விடும். அதனால் காலிப் பாத்திரங்களின் எடையை மார்க்கரால் அடியிலேயே எழுதிவிட்டேன்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன். முந்திரி, பாதாம், வால்நட், நிலக்கடலை ஒவ்வொன்றுக்கும் முழுசு, நறுக்கியது, பொடி என்று மூன்று எண்கள், எல்லாம் என் கப்பில் நானே நிறுத்தவை. அவசரத்துக்குக் கப்பை எடுத்தாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். பிஸ்தாவுக்கு மட்டும் பொடிக் கட்டம் இன்னும் காலி. இந்தத் தீபாவளிக்குள் நிறுத்து எழுதிவிடுவேன்.