கார்னிஷ் வேர்களைத் தேட எது நல்லது: இணையமா, ரெட்ரூத் ஆவணக் காப்பகமா, சங்கத்து இரவல் நூலகமா?

என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே 'கேப்டன்' என்றால் கப்பலோட்டுகிறவர் இல்லை, சுரங்க வேலையை மேற்பார்க்கிறவர். கார்ன்வாலிலிருந்து வந்த வழக்கு அது. 1880 வாக்கில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் தங்கவயலுக்குள் வந்தபோது, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் அந்தக் கார்ன்வாலில் செம்பும் வெள்ளீயமும் தோண்டிப் பழகிய கார்னிஷ்காரர்களைக் கூட்டி வந்தார்கள். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள் அவர்களுக்குக் கீழே சுரங்கத்தில் இறங்கினார்கள். அதனால் கார்ன்வால் என்ற பெயர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்நியம் இல்லை.

இப்போது மெல்பர்னில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. அவருடைய பாட்டனாரின் பாட்டனார் 1850களில் கார்ன்வாலிலிருந்து பெண்டிகோ தங்கச் சுரங்கத்துக்கு வந்தவர். "எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார். சரி, தேடலாம் என்று உட்கார்ந்தோம், இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எந்த வழி எதற்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் போவது காசு கட்டும் இணையதளங்களுக்குத்தான், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டுக்கும். வேகம் என்று பார்த்தால் இவற்றுக்கு நிகர் கிடையாது. 1841 தொடங்கி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை வீட்டிலிருந்தே படமாகப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பதை எப்படிப் படிப்பது என்று அவை சொல்லித்தருவதில்லை. 1841 கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்தே எழுதினார்கள், 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். பிறந்த ஊரையும் அதில் கேட்கவில்லை, இதே கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதியில், பிறந்தவரா என்று மட்டும்தான் கேட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் 1851-க்குப் போக வேண்டும். இது தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் தவறான வயதை வைத்துத் தேடிக்கொண்டிருந்தோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்கள். எங்கள் ஆளுக்கு வில்லியம் தாமஸ் என்று பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்ன்வாலில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. வில்லியம், ஜான், தாமஸ், ரிச்சர்ட் என்று கையளவு பெயர்களைத்தான் திரும்பத் திரும்ப வைத்தார்கள், ரோ, ஹாரிஸ், வில்லியம்ஸ், ரிச்சர்ட்ஸ் என்று குடும்பப் பெயர்களும் அப்படியே. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கும் பழக்கம்தான், பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, அதனால் அந்தக் குழப்பம் எப்படி வரும் என்று நமக்குச் சட்டென்று புரியும். ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று வில்லியம் தாமஸ் இருப்பார்கள். இணையத்தில் பதினொரு குடும்ப மரங்கள் எங்கள் ஆளை ஒரே தகப்பனோடு சேர்த்துக் காட்டின. பதினொரு பேர் சொல்கிறார்களே என்று நம்பிவிட்டோம். பிறகு பார்த்தால் ஒருவர் போட்டதை மற்ற பத்துப் பேரும் நகலெடுத்திருக்கிறார்கள்.

என் கருத்து, காசு கட்டுவதென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், தேட வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அந்த மாதத்தில் முடித்துவிடுங்கள். பல பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரியை உள்ளே உட்கார்ந்து இலவசமாகவே பார்க்கலாம், உங்கள் ஊர் நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

இலவச வழிகளை நான் காசுத் தளங்களுக்கு மேலேயே வைப்பேன். கார்ன்வாலுக்கு அப்படி ஒரு கொடுப்பினை. ஆன்லைன் பாரிஷ் கிளார்க் என்று ஒரு திட்டம், பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி, ஒவ்வொரு பாரிஷுக்கும் ஒரு தன்னார்வலர் பொறுப்பு எடுத்துக்கொண்டு, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தேவாலயப் பதிவேடுகளை வரி வரியாகப் படியெடுத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர்களோடு வருடக்கணக்காகப் பழகியவர்கள் படியெடுத்தது என்பதால் எழுத்துப் பிழை குறைவு. வெளி ஆள் 'ட்ரெ' என்று தொடங்கும் ஊர்ப் பெயரைக் கண்டபடி வாசித்து வைப்பார், இவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஃபேமிலிசர்ச் என்ற தளமும் இலவசம்தான், ஆனால் சில படங்களை அவர்களுடைய மையத்துக்கோ இணைப்பு நூலகத்துக்கோ போனால்தான் பார்க்க முடியும். கணக்கெடுப்புக்கு ஃப்ரீசென், பிறப்பு, கல்யாணம், இறப்பு அட்டவணைக்கு ஃப்ரீபிஎம்டி, இரண்டு தளங்களையும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், இங்கிலாந்துப் பதிவாளர் அலுவலகத்தின் பிறப்பு அட்டவணை. 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்து தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் அதில் இருக்கிறது. இது எவ்வளவு பெரிய உதவி என்று கீழே வரும். ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு ட்ரோவ் என்ற தளம் இருக்கிறது, ஏராளமான பழைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் தேடலாம்.

இந்த இலவச வழிகளுக்கு உள்ள குறை ஒன்றே ஒன்று. அவை பெயரைத் தரும், தேதியைத் தரும், ஆனால் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதைத் தராது.

ரெட்ரூத் ஆவணக் காப்பகத்துக்கு வருகிறேன். கிரெசன் கெர்னோ என்று பெயர், கார்னிஷ் மொழியில் கார்ன்வால் மையம் என்று பொருள். பழைய மதுபான ஆலை இருந்த இடத்தைப் புதுப்பித்து 2019-இல் திறந்தார்கள். ட்ரூரோவில் இருந்த ஆவண அலுவலகம், ரெட்ரூத்தில் இருந்த கார்னிஷ் ஆய்வு நூலகம் எல்லாம் இப்போது அந்த ஒரே கூரைக்குக் கீழே. பதினைந்து லட்சத்துக்கு மேல் ஆவணங்கள் இருக்கின்றன, சுரங்க வரைபடம், குத்தகைப் பத்திரம், உயில், நில வரைபடம் என்று. அசல் தாள் வேண்டுமென்றால் இதுதான் இடம், வேறு எதையும் இதனோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் மெல்பர்னில் இருக்கும் எண்பது வயது அம்மாவுக்கு இது எட்டாத தூரம். போகிறவர்களும் பெட்டி எண், பாரிஷ், வருடம் எல்லாம் குறித்துக்கொண்டு போக வேண்டும், 'எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று போய் நின்றால் பயணச் செலவு வீண். பட்டியல் இணையத்தில் இருக்கிறது, நகல் கேட்டும் வாங்கலாம். ஆவணம் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, அது நியாயம்தான்.

கார்ன்வால் குடும்ப வரலாற்றுச் சங்கம் 1976-லிருந்து இயங்குகிறது. கல்லறைக் கல்வெட்டுகளைப் படித்து எழுதி வைத்த வேலை ஒன்றுக்காகவே அதில் சேரலாம்.

இனி நான் உண்மையில் எழுத வந்தது, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விடும் சிறிய சமூக நூலகம். கார்ன்வாலிலேயே இதற்கு மூத்த உதாரணம் உண்டு, பென்சான்ஸில் இருக்கும் மொராப் நூலகம். 1818-இல் தொடங்கியது, சந்தா கட்டும் உறுப்பினர்களை நம்பி இன்றும் நடக்கிறது. கார்னிஷ் மக்கள் போன இடமெல்லாம் சங்கம் வைத்தார்கள், தெற்கு ஆஸ்திரேலியாவில் 1890-லேயே வைத்தார்கள். 1861-க்கும் 1901-க்கும் இடையில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளிநாடு போனதாக மதிப்பிடுகிறார்கள். 1866-இல் செம்பு விலை விழுந்து சுரங்கங்கள் மூடத் தொடங்கியதும், தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டா, கடைனா, அப்புறம் மெக்ஸிகோ, கலிஃபோர்னியா, நம் கோலார் என்று எங்கே பூமியைத் தோண்டினார்களோ அங்கெல்லாம் 'கஸின் ஜாக்' என்ற பட்டப் பெயரோடு போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் நடத்தும் ஒரு சங்கத்து நூலகத்துக்குத்தான் நாங்கள் போகிறோம்.

பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு கூடத்தில் சுவரோரமாக ஆறு அலமாரி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை திறப்பார்கள், வருடச் சந்தா கொஞ்சம்தான், ஒரு தடவைக்கு நான்கு புத்தகம், அடுத்த மாதம் திருப்பினால் போதும். உள்ளே இருப்பதைப் பாருங்கள்: ஒவ்வொரு பாரிஷின் வரலாறு, சுரங்கங்களின் வரலாறு, மெதடிஸ்ட் சபைகளின் வரலாறு, குடும்பப் பெயர் அகராதி, ஊர்ப் பெயர் அகராதி, சங்க இதழ்களின் பழைய பிரதிகள், கார்னிஷ் மொழிப் பாடங்கள். கடைசி அலமாரியில் இருப்பவைதான் பொக்கிஷம். ஒவ்வொரு குடும்பமும் தட்டச்சு செய்து, இருபது முப்பது பிரதி மட்டும் போட்டு, ஒன்றை இங்கே கொடுத்துவிட்டுப் போன குடும்ப வரலாறுகள். அச்சில் இல்லை, இணையத்திலும் இல்லை. ஓரத்தில் பென்சிலில் 'இந்தத் தேதி தவறு, கல்லறையில் 1871' என்று யாரோ திருத்தியிருப்பார்கள்.

அங்கிருந்து எடுத்து வந்த புத்தகங்கள்தான் கணக்கெடுப்பு ஏட்டில் இருந்த சொற்களை எங்களுக்குப் புரிய வைத்தன. வில்லியமின் அக்காவைப் பற்றி 'பால் மெய்டன்' என்று ஒரு குறிப்பு. கார்னிஷ் மொழியில் பால் என்றால் சுரங்கம், சுரங்கத்துக்கு மேலே உட்கார்ந்து சுத்தியலால் தாதுவை உடைத்துப் பிரிக்கும் பெண்களுக்கு அந்தப் பெயர். 'ட்ரிப்யூட்டர்' என்றால் தோண்டிய தாதுவின் விலையில் பங்கு வாங்குகிறவர், 'டட்வொர்க்கர்' என்றால் வெட்டிய அளவுக்குக் கூலி வாங்குகிறவர். முதல் ஆள் தாது கிடைக்காத மாதத்தில் கடனில் விழுவார், நல்ல தாது நாளம் சிக்கினால் ஒரே மாதத்தில் தலை நிமிர்ந்துவிடுவார். வில்லியமின் அப்பா ட்ரிப்யூட்டர் என்று படித்தபோது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்படியானால் பட்டினி கிடந்திருப்பார்கள்" என்றார். தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

அந்தத் தவறான தகப்பன் விஷயம் தீர்ந்ததும் இங்கேதான். விக்டோரியா மாநில இறப்புச் சான்றிதழில் 1853-லிருந்து பெற்றோர் பெயர், பிறந்த இடம், காலனியில் எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்டு எழுதுவார்கள். எங்கள் துரதிர்ஷ்டம், தகவல் சொன்னது சுரங்கத்துக் கூட்டாளி, தாய் பெயருக்கு நேராகத் 'தெரியாது' என்று இருந்தது. சபை வரலாறு ஒன்றை இரவல் வாங்கி வந்து படித்துக்கொண்டிருந்தபோது, மெதடிஸ்ட் கிளையான பைபிள் கிறிஸ்டியன் சபையில் பல ஊர்களைச் சேர்த்து ஒரு சர்க்யூட் என்று வைத்திருந்ததும், ஞானஸ்நானத்தை ஊர்த் தேவாலயத்தில் இல்லாமல் சர்க்யூட் பதிவேட்டில் எழுதியதும் தெரிய வந்தது. நாங்கள் பாரிஷ் ஏட்டில் மட்டுமே தேடியிருந்தோம். அதே வாரம் இன்னொரு புத்தகத்தில், தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைக்கும் வழக்கத்தைப் படித்தோம். வில்லியமின் இரண்டாவது மகனுக்கு வினோதமான ஒரு நடுப்பெயர், அது மனைவி வீட்டுப் பெயரும் இல்லை, அப்படியானால் அவன் பாட்டியின் பெயராக இருக்குமோ என்று பொறி தட்டியது. சர்க்யூட் பதிவேட்டின் படியெடுப்பில் அந்தப் பெயருள்ள தாயோடு ஒரு வில்லியம் கிடைத்தார். அவருடைய தம்பி தங்கைகள் 1837-க்குப் பிறகு பிறந்தவர்கள், பதிவாளர் அட்டவணையில் தாயின் குடும்பப் பெயர் மூன்று பேருக்கும் அச்சாக அதேதான். இணையத்துப் பதினொரு மரங்களும் தவறு.

தடயம் இரவல் புத்தகத்தில் கிடைத்தது, ஆதாரம் இலவசத் தளங்களில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் நூலகத்தை முதலில் வைக்கிறேன், மற்றதை ஒதுக்கச் சொல்லவில்லை. வாசக அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேடுகிறவர், தன் குடும்பப் பெயர் வரும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுவார். புத்தகம் ஒரு மாதம் வீட்டில் கிடந்தால்தான் நாம் தேடாத பக்கத்தையும் படிப்போம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டியல் பழையது, அட்டையில் இருக்கும் புத்தகம் அலமாரியில் இல்லாமல் போகும். கிழக்கு கார்ன்வாலைப் பற்றி மிகக் குறைவு, சுரங்கம் இருந்த மேற்குப் பாரிஷ்களுக்கே பாதி இடம். 1970களில் எழுதிய புத்தகத்தை அப்படியே நம்பக் கூடாது. நடத்துகிறவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், சந்தா கட்டும் இளைஞர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், இதை நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

தங்கவயல் வழியாகத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் பிறந்து, மணந்து, இறந்த கார்னிஷ்காரர்களுக்கு பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற மதராஸ் வரிசையைப் பாருங்கள், ஃபைண்ட்மைபாஸ்டில் படமாகவே இருக்கிறது. காசு கட்டும் அந்த ஒரு மாதத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா சொல்லச் சொல்ல, வில்லியம் குடும்பத்தின் கதையை நாற்பது பக்கத்துக்குத் தட்டச்சு செய்திருக்கிறேன். பதினைந்து பிரதி போடுகிறோம். பதினான்கு பேரப்பிள்ளைகளுக்கு. மிச்சம் ஒன்று அடுத்த சனிக்கிழமை அந்தக் கடைசி அலமாரிக்குப் போகிறது, யாராவது பென்சிலில் திருத்தட்டும் என்று ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருக்கிறோம்.