சி4 கார்வெட்டுக்கு மாற்று ரூஃப்: அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா, ஃபைபர்கிளாஸா?

1989 மாடல் சி4 கார்வெட்டை (ஷெவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டின் நான்காம் தலைமுறை, ரூஃபைக் கழற்றி மாட்டலாம்) எனக்கு விற்றவர் இன்ஜினைக் காட்டினார், சீட்டைக் காட்டினார், சர்வீஸ் பில்களைக்கூடக் கட்டாக எடுத்து நீட்டினார். ரூஃபைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மேகமூட்டம், எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் நல்ல வெயிலில் ஓட்டும்போதுதான் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். வெண்கல நிற அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி ஒளி புகும் பிளாஸ்டிக்) பேனல் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மயிரிழை வெடிப்பு. சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தேட ஆரம்பித்து, ஒரு தடவை தப்பாகச் செய்து, இரண்டாவது தடவை சரியாகச் செய்து, இப்போது இரண்டு கோடைகாலம் ஓட்டிவிட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுவது இது. நான் அக்ரிலிக் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பாரபட்சம் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

கையில் இருந்த வழிகள் மூன்று. பழைய சட்டத்தில் புது அக்ரிலிக் ஷீட்டை ஒட்டி வாங்குவது, அதே இடத்தில் இன்னொரு ஒளி புகும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் போடுவது, இல்லையென்றால் ஒளி புகாத ஃபைபர்கிளாஸ் பேனல் வாங்கி வண்டி நிறத்தில் பெயின்ட் அடிப்பது. கார்பன் ஃபைபரும் கிடைக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் முப்பத்தைந்து வயது வண்டியின் தலையில் மட்டும் கார்பன் ஃபைபர் வைப்பது வேட்டிக்கு ஷூ போட்ட மாதிரி எனக்குப் படுகிறது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இந்த ரூஃப் வெறும் மூடி இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1984 மாடலாக வந்த சி4-ஐ வடிவமைக்கும்போது, முந்தைய சி3 மாதிரியே நடுவில் ஒரு பட்டை வைத்து இரு பக்கமும் இரண்டு துண்டாகத்தான் ரூஃப் வருவதாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் மேலிடம் அந்தப் பட்டையை எடுத்துவிடச் சொல்ல, போன உறுதியை ஈடுகட்டப் பொறியாளர்கள் கதவுக்குக் கீழே சட்டத்தை உயர்த்தினார்கள். சி4-இல் ஏறும்போது வாசற்படி தாண்டுவது போல் காலைத் தூக்கிப் போட வேண்டியிருப்பது அதனால்தான். அப்படியும் போதாமல் ரூஃப் பேனலே நான்கு போல்ட்டில் இறுகி உடலைப் பிடித்துக்கொள்கிறது. முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு, பின்னால் இரண்டு. ரூஃபைக் கழற்றிவிட்டு ஒரு மேடு பள்ளத்தில் ஏறினால் வண்டி முறுகுவது காதிலேயே கேட்கும். கழற்றிய நிலையில் ஜாக் மட்டும் போட்டுவிடாதீர்கள், திரும்ப மாட்டும்போது ஓட்டை நேராக வராது. ஆக, நீங்கள் எதைப் போட்டாலும் அது தினமும் கொஞ்சம் முறுக்கலைத் தாங்க வேண்டும். கீழே சொல்லப்போகும் சங்கதிகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஃபைபர்கிளாஸ் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. கம்பெனியே வழக்கமாகக் கொடுத்தது அதுதான். வெயில் தலையில் இறங்காது, கீறல் விழுந்தால் பெயின்டர் பார்த்துக்கொள்வார், பத்து வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டாலும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் கடையில் வாங்கும் புதுப் பேனலுக்கு ஆகும் செலவு பேனலோடு நிற்பதில்லை. பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, கலர் அடித்து, மேலே கிளியர் கோட். அதற்குப் பிறகு வெயிலில் நிறுத்திப் பார்த்தால் ரூஃப் ஒரு சிவப்பு, வண்டி வேறொரு சிவப்பு. வண்டியின் சிவப்பு முப்பது வருஷமாக வெளுத்தது, அதற்குச் சரியாக இறக்கிக் கலர் மேட்சிங் செய்கிற பெயின்டர் கிடைப்பது அவரவர் ராசி. வெயில் கொளுத்தும் டெக்சஸ், அரிசோனா பக்கம் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்காமல் ஃபைபர்கிளாஸையே வாங்கிவிடுங்கள். நான் இருப்பது நியூ ஜெர்சி, வண்டி ஷெட்டில் நிற்கிறது, வார இறுதியில்தான் வெளியே வருகிறது.

இனி உண்மையான போட்டி, அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும். விற்பவர்கள் எல்லோரும் பாலிகார்பனேட்டைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சுத்தியால் அடித்தாலும் உடையாது என்பார்கள். பொய் இல்லை, அடி தாங்குவதில் அக்ரிலிக் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆலங்கட்டி மழை அடிக்கும் ஊரில் அது பெரிய விஷயமும்கூட. ஆனால் என் ரூஃபை யாரும் சுத்தியால் அடிக்கப் போவதில்லையே. அதன் மேல் விழப்போவது தூசி, பறவை எச்சம், துடைக்கும் துணி, உச்சி வெயில். பாலிகார்பனேட்டின் மேற்பரப்பு மெத்து. அதனால் மேலே கெட்டியாக ஒரு பூச்சு போட்டுத்தான் விற்கிறார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை ராஜா, அது போனதும் கதை முடிந்தது. எப்படி முடியும் என்று பார்க்க வேண்டுமா? வீட்டில் தினசரி ஓடும் காரின் முன்னால் போய் நில்லுங்கள். அந்த ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட்தான். மஞ்சள் பூத்துப் புகைமூட்டமாக இருக்கிறதா? கிட் வாங்கித் தேய்த்தால் பளிச்சென்று ஆகி, சில மாதத்தில் மறுபடி அதே கோலம். நின்றவாக்கில் இருக்கும் ஹெட்லைட்டே இந்தப் பாடு படுகிறதென்றால், வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் ரூஃபை யோசித்துக்கொள்ளுங்கள். (கார்வெட்டின் சொந்த ஹெட்லைட் கண்ணாடி, அதுவும் உள்ளே மடிந்து ஒளிந்துகொள்ளும். கொடுத்து வைத்தது.)

அக்ரிலிக்கில் கீறல் இன்னும் தாராளமாகவே விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலும் கீழும் ஒரே பொருள், பூச்சு இல்லை, அதனால் தேய்த்து எடுத்துவிடலாம். விமானத்தில் பயணிகள் ஜன்னல் அக்ரிலிக்தான், கீறல் விழுந்தால் அதையும் தேய்த்துத்தான் மறுபடி போடுகிறார்கள். போன வருஷம் ரூஃபைக் கழற்றி டிக்கியில் வைத்தபோது, அங்கிருந்த பெட்டியின் ஜிப் பட்டு என் பேனலில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. ஈரமான 1200 உப்புத்தாள், அடுத்து 1500, அடுத்து 2000, கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனது, கோடும் போனது. அதே கோடு பூச்சுப் போட்ட பாலிகார்பனேட்டில் விழுந்திருந்தால் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிற பொருளில் உடையாமல் இருப்பதைவிட, கெட்டால் வீட்டிலேயே சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அக்ரிலிக்குக்குப் பயந்தே தீர வேண்டிய இரண்டு இருக்கின்றன. முதலாவது, கண்ணாடி துடைக்கும் நீல ஸ்ப்ரே. அம்மோனியா கலந்தது, ஆல்கஹால் கலந்தது எதுவும் கிட்டே வரக்கூடாது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் இவை பட்டால் அந்த மயிரிழை வெடிப்பு வரும். எனக்கு வந்த பழைய பேனலில் போல்ட் மூலைகளைச் சுற்றித்தான் வெடிப்பு அதிகம், யாரோ பலமாக முறுக்கியிருக்கிறார்கள், யாரோ பாசமாக ஸ்ப்ரே அடித்துத் துடைத்திருக்கிறார்கள். வெடிப்பு ஆழமாக இறங்கிவிட்டால் தேய்த்தெல்லாம் மீட்க முடியாது. கார் வாஷில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான் அதற்குத் தேவை.

இரண்டாவது, ஒட்டுகிற பசை. என் முதல் தப்பு இதில்தான். ஒரு சின்னப் பட்டறையில், கல் மாதிரி இறுகும் எபாக்ஸி போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். எனக்கோ கெட்டியாகப் பிடித்திருக்கிறதே என்று சந்தோஷம். ஜனவரி குளிரில் ஒரு நாள் காலை ‘டப்’ என்று ஒரு சத்தம், இடது மூலை பிளந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். குளிரில் மைனஸ் 10, கோடை வெயிலில் ரூஃப் 60 என்றால் வித்தியாசம் 70 டிகிரி, கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். அதே வித்தியாசத்துக்கு எஃகு 1 மில்லிமீட்டர்கூட நகராது. அடியில் இருக்கும் சட்டம் அசையாமல் நிற்க, மேலே ஷீட் மட்டும் மூச்சு விடுவது போல் விரிந்து சுருங்கினால், நடுவில் இருக்கும் பசை ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்க வேண்டும். கூடவே உடல் முறுக்கல் வேறு. பாலிகார்பனேட்டும் ஏறக்குறைய இதே அளவு நீளுவதால் அதைப் போட்டாலும் இந்தத் தொல்லையிலிருந்து தப்ப முடியாது. வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, என்ன பசை, எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் போடுகிறீர்கள் என்பதுதான். பதில் சொல்லத் தடுமாறினால் போனை வைத்துவிடுங்கள். இரண்டாவது தடவை நெகிழும் பாலியூரித்தேன் பசை போட்டு ஒட்டினது, இரண்டு குளிர்காலம் தாண்டி நிற்கிறது. பத்துக் குளிர்காலம் தாங்குமா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியில் நீலமும் வெண்கலமும் இருந்தன. நான் நீலம் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, தெரிந்தவர் பேனலை ஒரு நாள் மாட்டி ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்த மனைவி, “என்னங்க, உங்க முகம் ஐஸ் பெட்டியில வெச்ச மாதிரி இருக்கு” என்றாள். வெண்கலமே வாங்கினேன். எந்த நிறமானாலும் ஜூலை மதியத்தில் ஏசி முக்கும், உள்ளே மாட்டும் துணித்திரை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விற்கும்போது என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஷெவ்ரோலேயே அந்தக் காலத்தில் ஃபைபர்கிளாஸ், ஒளி புகும் அக்ரிலிக் என்று இரண்டு பேனலும் சேர்த்து ஒரு ஆப்ஷனாக விற்றது, அப்படி இரண்டோடு வரும் வண்டிக்கு வாங்குபவர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பார் என்பது பேரத்தைப் பொறுத்தது. என்னிடம் இருப்பது ஒன்றுதான், ஷெட்டில் இன்னொன்றை மாட்டச் சுவரும் இல்லை.

பின்பக்க ரப்பர் பீடிங்கை மட்டும் இன்னும் மாற்றவில்லை. பெருமழை பிடித்தால் சிக்னலில் நிற்கும்போது என் இடது தோளில் ஒரு சொட்டு விழும். அதற்குப் பேனலைக் குறை சொல்ல மாட்டேன்.