பொட்டுக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு

சிங்கப்பூரில் தனியார் கிளினிக் ஒன்றில் பதிவு மேசை என் வேலை. தொற்றுநோய் அவசரகாலப் பயிற்சிக்கு இரண்டு நாள் போய்வா என்று டாக்டர் அனுப்பினார், பணமும் அவரே கட்டினார். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், திட்டவும் போகிறேன்.

முதலில் நல்லது. என்95 என்ற இறுக்கமான முகக்கவசம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனையில் தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூடு ஒன்றை மாட்டி, உள்ளே கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார்கள். முகக்கவசம் சரியாக ஒட்டியிருந்தால் கசக்காது. எனக்கு ஒல்லி முகம். தலையை இடப்பக்கம் திருப்பியதுமே நாக்கில் பச்சைப் பாகற்காய்! மூன்றாவது மாடல்தான் பொருந்தியது. 2020இல் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேனே என்று அப்போதுதான் திக்கென்றது.

அப்புறம் கவச உடையைக் கழற்றும் பயிற்சி. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியைத் தடவிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கையுறை, அங்கி, கண்கவசம், கடைசியில் முகக்கவசம். நடுநடுவே கைக்குக் கிருமிநாசினி. வரிசை தவறவில்லை என்று சத்தியமே செய்திருப்பேன். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினார்கள். பொட்டுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு கோடு! பின்பட்டையைப் பிடிக்காமல், கண்கவசத்தின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்திருக்கிறேன். 2003இல் இங்கே சார்ஸ் வந்த 238 பேரில் ஐந்தில் இரண்டு பேர் மருத்துவப் பணியாளர்கள் என்று பயிற்றுநர் அதற்குப் பிறகுதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது.

இரண்டாம் நாள் சப்பென்று போனது. டோர்ஸ்கான் நிறங்களுக்கே, அதாவது நோய்ப்பரவல் எவ்வளவு தீவிரம் என்று காட்ட அரசு வைத்திருந்த நிறங்களுக்கே, ஒன்றரை மணி நேரம். 2020இல் ஆரஞ்சு அறிவித்த அன்று பேரங்காடியில் அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நிறத்தை விளக்கவா வேண்டும்? மதியச் சாப்பாட்டுக்குச் சைவம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், மீனை எடுத்துவிட்டு அதே பெட்டியைக் கொடுத்தார்கள்.

நோயாளி எங்கே போனார், யாரைச் சந்தித்தார் என்று கேட்டறியும் தொடர்புத் தடமறிதல் பயிற்சிதான் பெரிய ஏமாற்றம். எல்லாம் ஆங்கிலம். நோயாளியாக நடித்தவர் போன இடம், நேரம் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார். நிஜத்தில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதித் தம்பி ஒருவரிடம் கொரோனா நாளில் நான் கேட்டபோது, "எங்கேயும் போகலக்கா, ரூம்லதான் இருந்தேன்" என்றார். சாப்பிட்டாயா, ஊரில் அம்மா எப்படி இருக்கிறார் என்று பத்து நிமிடம் பேசிய பிறகுதான் தேக்கா சந்தை, முஸ்தபா கடை, ஊர்க்கார அண்ணன் ஒருவரின் அறை என்று ஒவ்வொன்றாக வந்தது. சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை எப்படிக் கையாள்வது என்று பயிற்சியில் ஒரு வார்த்தை இல்லை. தமிழிலும் வங்காளத்திலும் ஆளுக்கொரு முறை பேசிப் பார்க்க வைத்திருந்தால்கூடப் போதும்.

முதல் நாளுக்கு ஐந்துக்கு நாலரை, இரண்டாம் நாளுக்கு ஒன்றரை. ஒரு நாள் வகுப்பாகத் தனியே கிடைத்தால் அதை எடுங்கள். ஆண்கள் காலையிலேயே மழமழவென்று சவரம் செய்துவிட்டுப் போங்கள். தாடியோடு வந்த ஒருவரைப் பொருத்தச் சோதனைக்கே உட்கார வைக்கவில்லை.