சந்தேகம், நம்பிக்கை, ஒரு தலைப்பாகை

நாகர்கோவிலில் கல்லூரியில் படித்த நாட்களில் நான் பெரிய உண்மைகளைச் சந்தேகிக்கும் பின்நவீனத்துவத்தின் பக்கம் நின்றேன். இன்று, சந்தேகத்தோடு நம்பிக்கையையும் தாங்கும் மெட்டாமாடர்னிசத்தின் பக்கம் நிற்கிறேன். அதனால் நவீனத்துவம், பின்நவீனத்துவம், மெட்டாமாடர்னிசம் என்ற மூன்று உலகப் பார்வைகளின் இந்த ஒப்பீட்டில் ஒரு சாய்வு இருக்கும்.

நவீனத்துவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகுத்தறிவும் முன்னேற்றமும் மனிதனைக் கரையேற்றும் என்று அது நம்பியது; இரண்டு உலகப் போர்கள் அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டன. எல்லாவற்றையும் விளக்கிவிடும் பெருங்கதையாடல்களை இனி நம்ப முடியாது என்பதே பின்நவீன நிலை என்று 1979-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் எழுதினார். அந்தச் சந்தேகம் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. இன்றும் அதை நான் கைவிடவில்லை.

ஆனால் ஓர் உலகப் பார்வையோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

எங்கள் ஊர் நிழல் தாங்கலில், அதாவது அய்யாவழியினரின் வழிபாட்டிடத்தில், சிலை கிடையாது. விளக்குகளுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. கும்பிடுகிறவருக்கு அதில் தன் முகமே தெரியும். அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் (1809–1851) காட்டிய வழியில், ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். திருவிதாங்கூரில் அந்தத் துணி எங்கள் முன்னோர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. நவீனத்துவர் இதைச் சுயமரியாதையின் வரலாறு என்று மெச்சி, வழிபாட்டை விட்டுவிடுவார். பின்நவீனத்துவரோ கண்ணாடியை ஒரு குறியீடாக வாசிப்பார். இரண்டும் சரியே. நானும் அப்படி வாசலில் நின்று பேசியவன்தான், தலைப்பாகை கட்டியதில்லை.

அப்பா இறந்த பிறகு ஒருநாள் அம்மா அவருடைய துண்டை நீட்டி, "கட்டிக்கொள் மக்களே" என்றார். ஓரத்தில் நூல் பிரிந்த வெள்ளைத் துண்டு. கட்டினேன். எனக்குத் தெரிந்த வரலாறும் என் சந்தேகங்களும் அப்படியே இருந்தன. கண்ணாடிக்கு முன்னால் அழுதேன்.

அதற்கான சொல் பின்னர்தான் கிடைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த வெர்மூலனும் வான் டென் ஆக்கரும் 2010-இல் எழுதிய கட்டுரையில், மெட்டாமாடர்னிசத்தை நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் இடையே ஓயாமல் ஆடும் ஊசல் என்கிறார்கள். பெயரிலுள்ள 'மெட்டா'வை பிளேட்டோவின் 'மெட்டாக்ஸி', அதாவது 'இடையில் இருத்தல்' என்ற கருத்தோடு இணைக்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் குழந்தைபோல நம்பத் துணிவதே அவர்கள் சொல்லும் மனநிலை.

இதிலும் ஆபத்து உண்டு. ஊசலைக் காரணம் காட்டி எந்தப் பக்கமும் நிற்காமல் நழுவிவிடலாம். அரசியலில் இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்லும் அனுபவமும் எனக்கில்லை. துக்கத்திலும் வழிபாட்டிலும் தாங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் பணிவிடை என்னும் வழிபாட்டின்போது, கண்ணாடியில் தெரிவது யார் என்று என் மகன் கேட்டான். நீதான் என்றேன். அய்யாவும்தான் என்றேன். பிறகு உட்காரவைத்து, தலைப்பாகையின் கதையை முதலிலிருந்து சொன்னேன்.