கோலார் தங்கவயல் சயனைடு மேட்டில் பங்கு தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம்

தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களும், இங்கே இன்னும் பெற்றோரையோ உறவினரையோ வைத்துக்கொண்டு வெளியூரில் பிழைப்பவர்களும் இதைப் படித்து, வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். சுரங்கப் பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய சக்கை மண் மேட்டைத்தான் இங்கே சயனைடு மேடு என்போம். அந்த மேட்டு மண்ணிலிருந்து தங்கம் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நானும் என் அம்மாவும் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். எங்கள் லைனில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) மட்டும் இன்னும் நான்கு குடும்பங்கள் அவரிடம் பணம் கட்டியிருக்கின்றன. அவர் பெயரையும், நிறுவனம் என்று அவர் சொல்லிக்கொண்டதன் பெயரையும் காவல்துறையிடம் கொடுத்துவிட்டேன். விசாரணை நடப்பதால் இங்கே எழுதவில்லை. பெயர் மாறலாம், முறை மாறாது என்பதால் முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சிறிது பின்னணி. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த ஊரில் அதன் பிறகு மிஞ்சியவை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்த் தண்ணீர் நிறைந்து கிடக்கும் சுரங்கங்களும், விடிவதற்கு முன்பே பெங்களூருக்கு ரயில் ஏறும் பிள்ளைகளும், அரைத்துச் சக்கையாக்கிக் கொட்டிய மண் மேடுகளும்தான். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் வீட்டுக்குள் வந்து படியும், சோற்றுப் பானையை மூடாமல் வைக்க முடியாது. 2024 ஜூனில், 13 மேடுகளில் சுமார் ஆயிரம் ஏக்கரில் கிடக்கும் 3.3 கோடி டன் மண்ணை மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தச் செய்தி உண்மை. அந்த உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பொய் எங்கள் வாசலுக்கு வந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒருவர் வந்தார். தூய தமிழ், பணிவான பேச்சு. செய்தித்தாள் நறுக்குகள் ஒரு கோப்பு நிறைய வைத்திருந்தார். அரசு அந்த வேலையைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது, தம் நிறுவனத்துக்கு ஒரு மேட்டின் ஒரு பகுதி கிடைத்துவிட்டது, முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டும் சலுகை விலையில் பங்கு தருகிறோம் என்றார். ஒரு பங்கு பத்தாயிரம் ரூபாய், அதற்குப் பத்து டன் மண். டன்னுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும் பத்து கிராம் தங்கம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போது தங்கம் கிராம் ஆறாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. நான் தயங்கியதைக் கவனித்து, பேச்சை அம்மா பக்கம் திருப்பினார். “அம்மா, இது ஐயா இறங்கின சுரங்கத்து மண்ணு. உங்களுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு இருக்கு?” என்றார். அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசு படிந்து, மூச்சுக்குத் தவித்தே போனவர். அந்த ஒரு கேள்வியிலேயே அம்மா மனம் இளகிவிட்டது.

அடுத்த வாரம் செய்து காட்ட வந்தார். மேட்டிலிருந்து அள்ளியதாகச் சொல்லிப் பத்து கிலோ மண்ணை ஒரு சாக்கில் கொண்டுவந்து, எங்கள் வாசலில், எங்கள் வீட்டு இரும்புச் சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசினார். சிறிய கண்ணாடிப் புட்டியிலிருந்து பாதரசத்தை ஊற்றிக் கால் மணி நேரம் பிசைந்தார். பிறகு பாதரசத்தைத் துணியில் வடித்துப் பிழிந்தபோது, துணிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை நின்றது. அதைக் கரண்டியில் வைத்து ஊதுகுழல் விளக்கால் சுட, வெள்ளையாகப் புகை கிளம்பி, கடைசியில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மஞ்சள் மணி நின்றது. சுற்றியிருந்த பத்துப் பதினைந்து பேரும் மூச்சுவிடவில்லை. (பாதரசப் புகை கடும் நஞ்சு. குழந்தைகள் நின்ற இடத்தில் அதைச் செய்தார் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.) மணியை அம்மா கையில் வைத்து, “200 மில்லிகிராம் இருக்கும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மறுநாளே வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிட்டோம். முப்பது பங்கும், அளவைக் கட்டணம் என்று பதினெட்டாயிரமும்.

அந்த மணியே மோசடிக்குச் சாட்சி என்பதை நான் அன்றே உணர்ந்திருக்க வேண்டும். பத்து கிலோவில் 200 மில்லிகிராம் என்றால் டன்னுக்கு 20 கிராம். சுரங்கம் ஓடிய காலம் முழுவதும் எடுத்த பாறைக்கே சராசரி டன்னுக்கு 15, 16 கிராம்தான். மூடும் காலத்தில் அது மூன்று கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. அப்படியிருக்க, தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய சக்கையில் எடுக்காத பாறையைவிட அதிகம் இருக்க முடியுமா? மேட்டு மண்ணில் டன்னுக்கு ஒரு கிராம்கூட முழுதாகத் தேறாது. பத்து கிலோவிலிருந்து அத்தனையும் வந்தாலும் பத்து மில்லிகிராமுக்குள்தான், அதாவது ஒரு குண்டூசித் தலை அளவுக்கும் குறைவு.

பணம் போன பிறகு, சுரங்கப் பாறையை அரைக்கும் மில்லில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த மாமா ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “பாதரசத்துல புடிபடுற தங்கம் அந்த மண்ணுல இருந்தா, வெள்ளைக்காரன் சயனைடுக்கு ஏம்பா போனான்?” மில்லில் மாவாக அரைத்து, பாதரசம் பூசிய தகட்டில் ஓட்டிப் பிடித்தது முதல் வேலை. அதற்குத் தப்பியதைச் சயனைடில் கரைத்து எடுத்தது அடுத்த வேலை. இரண்டுக்கும் தப்பிய, கண்ணுக்கே தெரியாத துகள்கள்தான் மேட்டில் கிடக்கின்றன. அவை சட்டியில் அலசினால் வராது. அதற்குப் பெரிய ஆலையும், சயனைடைக் கையாள்வதற்கான அனுமதியும் வேண்டும்.

பிறகு அந்த மணியை நகைக்கடையில் கேரட் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தோம். 91.6 சதவீதம் தங்கம், மீதியில் பெரும்பங்கு செம்பு என்று காட்டியது. பாறையிலிருந்து வரும் தங்கத்தோடு இயல்பாகக் கலந்திருப்பது பெரும்பாலும் வெள்ளி. 22 காரட்டுக்கு இவ்வளவு கச்சிதமாகச் செம்பு சேர்ந்திருப்பது நகையில்தான். யாருடைய பழைய வளையலையோ அராவிய தூளைப் பாதரசப் புட்டியில் முன்பே போட்டு வைத்திருந்தார் என்பதுதான் என் முடிவு.

முதல் இரண்டு மாதம் ஆறாயிரம் ரூபாய் வீதம் எங்களுக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற நான்கு குடும்பங்களும் சேர்ந்தன, அதில் என் பங்கும் இருப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. மூன்றாம் மாதம் கைப்பேசி அணைந்தது. 200 ரூபாய் முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்த ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். அதில் பங்கு என்ற சொல்லே இல்லை. நாங்கள் கொடுத்தது திருப்பித் தரப்படாத ஆலோசனைக் கட்டணம் என்று இருந்தது.

தங்கம் போன்ற கனிமத்துக்கான குத்தகை 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஏலத்தின் வழியாகவோ, அரசு நிறுவனத்துக்கு ஒதுக்குவதன் வழியாகவோதான் கிடைக்கும். அதைக் கூறுபோட்டு வீட்டு வாசலில் பத்து டன், இருபது டன் என்று விற்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. அனுமதியில்லாமல் அள்ளினால் அள்ளியவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே இப்படி ஒருவர் வந்தால் குத்தகைப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், அதை மாநிலச் சுரங்கம் மற்றும் நிலவியல் துறையில் காட்டிச் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மண்ணைச் சோதிப்பதாக இருந்தால் நீங்களே அள்ளுங்கள், நீங்களே தேர்ந்தெடுத்த ஆய்வகத்துக்கு நீங்களே அனுப்புங்கள். மூடிய சுரங்கத்துக்குள் தங்க ரேகை காட்டுகிறேன் என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே காற்றே இல்லை, இறங்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு.

யுபிஐ வழியாக அனுப்பியவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். நான் வெட்கப்பட்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், அதற்குள் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிட்டது. அந்த மணியையும் ஒப்பந்தத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம் பக்கம் இதே போன்ற முத்திரைத்தாள் வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துவிடாமல், நகலெடுத்துக்கொண்டு வந்து புகார் கொடுங்கள். புகார்கள் கூடினால்தான் இது தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல் தகராறு அல்ல என்பது வழக்கில் நிலைக்கும்.