சுங்கை சிப்புட் மாடியில் இரண்டு நாள்: ஓர் ஒட்டுப்போர்வைப் பட்டறை

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, பழைய துணித்துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுத் தருகிறார்கள். பெயர்ப்பலகை இல்லை. கீழ்க்கடையில் இருக்கும் பையனிடம் கேட்டால், எண்ணெய்க் கையால் படியைக் காட்டுகிறான். கட்டணம் 180 வெள்ளி (ரிங்கிட்). நூல், உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு, அடித்துணி எல்லாம் இதில் அடக்கம். மேல்துணியை மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். புதுத்துணி வாங்கி வரக் கூடாது, இனி உடுத்தப்போவதில்லை ஆனால் தூக்கி எறியவும் மனம் வரவில்லை என்ற துணியைத்தான் கொண்டுவர வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

நான் கொண்டுபோனவை மெல்லிய 'வாயில்' துணிப் புடவைகள் இரண்டு, அப்பாவின் கைலி ஒன்று, அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போகும்போது போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று. அந்தச் சட்டை என் அலமாரியின் அடித்தட்டில் முப்பது ஆண்டுகளாகக் கிடக்கிறது. முன்புறமெல்லாம் ரப்பர்ப்பால் சிந்திக் காய்ந்து கறுத்த கறை. ரப்பர்ப்பால் துணியில் காய்ந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

நடத்துபவர்கள் நாத்தனார் உறவுள்ள இரண்டு பெண்கள். மூத்தவர் தமிழ்ப்பள்ளியில் வாழ்வியல் திறன் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லாரும் டீச்சர் என்றே அழைக்கிறார்கள். இளையவர் தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிய பிறகு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் சட்டைக் காலர் மட்டும் தைத்தவர். அவர் எல்லாருக்கும் அக்கா. டீச்சர் விளக்குவார், அக்கா நம் கையைப் பிடித்துத் திருத்துவார். பேச்சு தமிழும் மலாயும் கலந்தது. என் வகுப்பில் ஒன்பது பேர் இருந்தோம், அதில் மூவர் மலாய்ப் பெண்கள், ஒருவர் சீன அம்மையார்.

முதல் நாள் காலை முழுவதும் ஊசியைத் தொடவே விடவில்லை. கொண்டுவந்த துணிகளிலிருந்து ஒவ்வோர் இழையை உருவி, மெழுகுவர்த்தியில் காட்டச் சொன்னார்கள். பருத்தி இழை காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் இழை சுருண்டு உருகி, கடுகு போல ஓர் உருண்டையாக இறுகிவிடும். நான் பருத்தி என்று இத்தனை நாள் நம்பியிருந்த இரண்டு புடவைகளில் ஒன்று கடுகாகிப் போயிற்று. இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்துத் தைத்தால், துவைக்கத் துவைக்கப் பருத்தி சுருங்க, மற்றது சுருங்காமல் நிற்க, தையல் வரிசை முழுவதும் நெளிந்துவிடும் என்று டீச்சர் விளக்கினார். அடுத்தது சாயச் சோதனை. வெள்ளைத் துணித்துண்டை நனைத்து ஒவ்வொரு துணியின் மேலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்பாவின் கைலி நீலம் கக்கிற்று. அதை மூன்று முறை அலசி, தண்ணீர் தெளிந்த பிறகே வெட்டும் பலகைக்கு அனுமதித்தார்கள். இந்தக் காலைப் பொழுது ஒன்றுக்கே 180 வெள்ளியில் பாதியைக் கொடுத்துவிடலாம்.

சட்டையை எடுத்து மேசையில் விரித்தபோதுதான் எனக்குத் தயக்கம் வந்தது. கறை இருக்கும் இடங்களை வெட்டி எறிந்துவிட்டு நல்ல துணியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அக்கா சட்டையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "நல்ல துணி எங்க வேணுனாலும் கிடைக்கும்மா, இது எங்க கிடைக்கும்?" என்றார். பிறகு கறையின் மேல் ஊசியை வைத்து அழுத்திக் காட்டினார். ஊசி பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் துணியும் கூடவே வந்தது. இயந்திரத்தில் கொடுத்தால் ஊசி பிடித்துக்கொள்ளும், நூல் அறும். இஸ்திரியும் ஆகாது, சூடு பட்டால் கறை இளகித் தகட்டில் ஒட்டும். ஆகவே கறையைச் சுற்றி ஒரு விரற்கடை நல்ல துணியை விட்டு வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து, வேறொரு சதுரத்தின் மேல் வைத்து, விளிம்பை மட்டும் கையால் தைக்க வேண்டும். ஊசி கறையைத் தொடவே தொடாது. தொழிற்சாலையில் காலர் தைத்தவரும் மரம் வெட்டியவரும் ஒருவராகவே இருந்ததால்தான் எனக்கு இந்த வழி கிடைத்தது. கோலாலம்பூரில் நான் முன்பு போன ஒரு வகுப்பில், பெயர் வேண்டாம், இதே சட்டையைப் பார்த்து அழுக்குத் துணி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஒன்பது சதுரக் கட்டம். நாலரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாக இணைக்க வேண்டும். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். தையற்காரர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆகவே கால் அங்குலம் இரண்டு நூல். நான் அரை நூல் அதிகம் பிடித்துத் தைத்தேன். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஒவ்வொரு தையலிலும் இரண்டு ஓரம். நான்கு இடத்தில் அரை நூல் போக, பன்னிரண்டரை அங்குலம் வர வேண்டிய கட்டம் பன்னிரண்டேகாலில் நின்றது. பக்கத்துக் கட்டத்தோடு வைத்துப் பார்த்தபோது மூலைகள் சேரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் தையல் பிரிக்கும் கொக்கியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மூன்று முறை பிரித்தேன்.

இங்கே ஒரு குறை. ஒன்பது பேருக்கு ஆறு இயந்திரங்கள்தான். அதில் ஒன்றில் அடிநூல் கொத்தாகச் சுருண்டு, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பாபினைக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது துணியை மேலிருந்தும் இழுத்துக் கொடுக்கும் தனிப் பாதம் ஒரே இயந்திரத்தில்தான் இருந்தது. அதற்கு வரிசை பிடித்து நின்றோம்.

மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது. எதிர்வரிசைக் கடையில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். சாப்பிட்டுத் திரும்பியதும் டீச்சர் சுவரில் ஒட்டியிருக்கும் இரண்டு படங்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். இரண்டும் 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒன்று சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பெண்கள் தைத்த போர்வை. அங்கே தைத்தவை மொத்தம் மூன்று போர்வைகள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் தன் பெயரைத் தைத்து, ஆண்கள் முகாமில் இருந்த கணவருக்குத் தான் உயிரோடு இருப்பதைத் தெரியப்படுத்தினாள். அவற்றில் இரண்டு இன்று கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. இரண்டாவது படத்தில் இருப்பது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வை. பருத்திக் காட்டில் உழைத்த அவ்வூர்ப் பெண்களின் போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. டீச்சர் இதைச் சொல்லும்போது, என் பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண், தன் பாட்டி வீட்டிலும் 'தம்பால் செரிபு' உண்டு என்றார்; ஆயிரம் ஒட்டு என்று பொருள்படும் மலாய் ஒட்டுத்துணி வேலை அது. சீன அம்மையார், குழந்தை நீடு வாழ வேண்டும் என்று நூறு வீட்டில் துணி வாங்கித் தைக்கும் சட்டையைப் பற்றிச் சொன்னார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதோடு நம் பங்கை முடித்துக்கொண்டேன். பேச்சு மிகவும் நன்றாக இருந்தது. நாற்பது நிமிடம் போயிற்று. மறுநாள் மாலை அந்த நாற்பது நிமிடத்தை எல்லாருமே தேடினோம்.

பின்னறையில்தான் இவர்களுடைய சொந்த வேலைகள் இருக்கின்றன. கேட்டால்தான் கதவைத் திறக்கிறார்கள். அக்கா இரண்டு ஆண்டுகளாகத் தைத்துவரும் ஒரு துணி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. சாம்பலும் காவியும் கலந்த வேலை உடுப்புத் துண்டுகள், மேலே முழுவதும் வெள்ளை நூலில் நெருக்கமான கைத்தையல் வரிகள். வரிகள் எல்லாமே ஏன் ஒரே சாய்வில் போகின்றன என்று எனக்குப் பிடிபடவில்லை. "தங்கச்சி, உங்கம்மா மரம் வெட்டுனவங்கதானே? உளி எப்படிப் போகும்?" என்று கேட்டார். இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில் போகும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்று எதிர்ச்சாய்வில் ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சீவல் எடுக்க, வெட்டு முகம் கீழே இறங்கிக்கொண்டே வரும். அவருடைய தையல் வரிகளும் அப்படியே, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நாளுக்கு நான்கைந்து வரி என்று இறங்கி வந்திருந்தன. காலை ஐந்து மணிக்கு எழுந்து எட்டு மணி வரை இதைத் தைக்கிறார். பால் வெட்டப் போன நேரம் உடம்பில் அப்படியே இருக்கிறதாம். வரிகளை அருகில் போய்ப் பார்த்தால், தையல் அங்குலத்துக்கு எட்டு என்று தொடங்கி, கீழே வர வர ஆறாகத் தளர்ந்திருப்பது தெரிகிறது. கண் முன்போல இல்லை என்றார். அந்தத் தளர்ச்சியைப் பிரித்துத் திருத்தாமல் விட்டதுதான் அந்தத் துணியில் எனக்கு மிகவும் பிடித்தது.

டீச்சரின் வேலை வேறு வகை. வண்ணம் அதிகம், அளவு பிசகாது. பார்த்தவுடன் மெச்சத் தோன்றும், இரண்டாம் முறை பார்க்கும்போது பாடநூல் ஞாபகம் வரும். இதை அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, முப்பது வருஷம் பாடத்திட்டம் பார்த்த கை என்றார். தைத்து முடித்த போர்வைகளையும் இவர்கள் விற்கிறார்கள். இரட்டைக் கட்டில் அளவுக்கு 900 வெள்ளி என்று சொன்னபோது, வகுப்பிலிருந்த ஒருவர், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அறுபது வெள்ளிக்குப் போர்வை கிடைக்கிறதே என்றார். மூன்று மாத வேலைக்கு 900 வெள்ளி என்பது தினக்கூலிக்கும் எட்டாத தொகை. மாடி வாடகையைப் பயிற்சி வகுப்புகள்தான் கட்டுகின்றன, வகுப்பு நடக்கும் வாரத்தில் அக்காவின் சட்டத்தில் ஒரு வரியும் இறங்குவதில்லை. வகுப்பை மாதம் இரண்டாக்கச் சொல்லிப் பலரும் கேட்கிறார்களாம், இருவரும் மறுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் வேலை நின்றுபோனால், முன்னறையில் கற்றுக்கொடுக்கவும் அதிகம் இருக்காது.

நம் வெப்பத்துக்கு இந்தப் போர்வை எதற்கு என்று பலர் கேட்கக்கூடும். பாலியெஸ்டர் பஞ்சு வைத்துக் கடையில் விற்பதைப் போர்த்தினால் அரை மணி நேரத்தில் வேர்த்துவிடும் என்பது உண்மை. இங்கே மெல்லிய பருத்தி விரிப்பையே தருகிறார்கள். விரும்பினால் அதற்குப் பதிலாகப் பழைய பருத்திப் புடவையை மடித்து உள்ளே வைக்கவும் காட்டித் தருகிறார்கள். நான் புடவையை வைத்தேன். குளிர்சாதன அறைக்கு அது போதும், துவைத்தால் ஒரு நாளில் காய்கிறது.

இரண்டாம் நாளைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. இரண்டே நாளில் முடித்த போர்வையோடு வீடு திரும்பலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பில் இருந்தது. ஒன்பது பேரில் ஒருவர் கூட முடிக்கவில்லை. மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, கையகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தைத்துக்கொண்டு போவதே மாலை நான்கு மணி வரை இழுத்தது. விளிம்பை மடித்துப் பட்டி கட்டுவதை அக்கா பத்து நிமிடத்தில் ஒரு மாதிரித் துண்டில் செய்து காட்டினார். மூலையில் பட்டியை எப்படித் திருப்புவது என்பது வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டது, எழுதிக் கொடுத்த குறிப்பும் இல்லை. நான் முடிக்க மேலும் மூன்று வாரம் ஆயிற்று. அக்காவுக்குப் படம் அனுப்பிக் கேட்டபோது, மறுநாள் காலையே கையை மட்டும் காட்டி ஒரு காணொளி அனுப்பினார். அது நல்ல மனம். ஆனாலும் இது மூன்று நாள் வகுப்பாக இருக்க வேண்டும், கட்டணம் 250 வெள்ளி ஆனாலும் பரவாயில்லை.

போக நினைப்பவர்கள் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிட வேண்டும், சந்தை நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. படி செங்குத்தானது, முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கீழ்க்கடையில் மோட்டாரை முடுக்கிப் பார்க்கும் சத்தம் பதினோரு மணி வரை விடாது. ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் விரல்பூண் சொந்தமாகக் கொண்டுவருவது நல்லது, அங்கே இருப்பவை எல்லாம் பெரிய அளவு. துணியை முந்தின வாரமே துவைத்துச் சாயம் பார்த்துவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

போர்வையின் மூலையில் பெயரும் ஆண்டும் தைக்கச் சொல்வார்கள்; நான் அம்மாவின் பெயரையும் சேர்த்துத் தைத்தேன். மடித்து வைக்கும்போது கறை மேல் கறை பட்டால் ஒட்டிக்கொள்ளும், இடையில் பழைய வேட்டித்துண்டு ஒன்றை வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். வைத்திருக்கிறேன்.