ஒலிபெருக்கியா, திரையா: நகரத் திட்டத்துக்கு ஊரின் இசைவைப் பெறும் வழிகள்

காவிரி டெல்டாவின் நகரங்களில் சாலையை அகலப்படுத்தினாலும் புதிய மனைப்பிரிவு போட்டாலும், பேச்சு கடைசியில் ஏதோ ஒரு வாய்க்காலில் வந்து நிற்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நகரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவுக்கு ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது 2 மாத அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் ஊரை எப்படிப் பேச வைப்பது?

வழக்கமான வழி, மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு 3 நிமிடம் என்றாலும் 2 மணி நேரத்தில் 40 பேருக்கு மேல் பேச முடியாது. நான் சென்ற ஒரு கூட்டத்தில், பட்டா நகலை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்ற பெண்மணி, பேச வாய்ப்பே கிடைக்காமல் வீடு திரும்பினார்; அவர் தெருவில்தான் வடிகால் அடைபட்டிருந்தது. ஆனாலும், "இதை அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது" என்று முதிய விவசாயி ஒருவர் எழுந்து சொன்னபோது மண்டபமே அடங்கியதையும் அங்கேதான் கண்டேன்.

1980-களில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருப்பெற்ற மின்னணுக் கூட்ட முறையில், அனைவரும் ஒரே நேரத்தில், பெயரில்லாமல், தத்தம் கணினியில் கருத்தைப் பதிகிறார்கள். அவை திரையில் தோன்றி, தொகுக்கப்பட்டு, வாக்கால் வரிசைப்படுத்தப்படுகின்றன. நிலக்கிழாரும் குத்தகைதாரரும் அருகருகே அமரும் இப்பகுதியில், பெயரில்லாமை பெரிய பாதுகாப்பு என்றே கருதுகிறேன். ஆனால் வாக்கு எண்ணிக்கை மட்டுமே இசைவு ஆகிவிடாது. தலைமடைத் தெருவில் 200 வீடும் கடைமடையில் 20 வீடும் இருந்தால், பாதிக்கப்படுபவரின் குரல் பட்டியலின் அடியில் போய்விடும். தட்டச்சு தெரியாதவருக்கு எழுதித் தர ஆளும் வேண்டும்.

வீட்டிலிருந்தே கைபேசியில் பதியும் முறைக்குச் செலவு குறைவு. ஆனால் எதிர்த்தரப்பின் முகத்தைப் பார்க்காமலே முடிந்துவிடுவதால், அதை மூன்றாம் இடத்தில்தான் வைப்பேன்.

ஒரே மண்டபத்தில் ஒலிபெருக்கிக் கூட்டத்தையும் மின்னணு முறையையும் இணைப்பதே என் தேர்வு. நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைத் திரையிட்டு, முதல் அரைமணி நேரம் பேச்சில்லாமல் பதிவு, பிறகு ஒலிபெருக்கியில் விவாதம், அதன்பின் மறுவாக்கு. அப்போதும் கருத்துப் பிளவு குறையாத விஷயங்களுக்கு, அலுவலரும் இரு தரப்பினரும் அந்த வாய்க்கால் கரையில் சேர்ந்து நடக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்குப் பிறகு, தண்ணீர் வந்து சேர்ந்தபின் நடந்தால், அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை இரு தரப்பும் நேரிலேயே பார்த்துவிடலாம்.